பாடியது மீனா, ஊரியா?

உயிரினங்கள் எழுப்பும் ஒலியை வைத்துப் பலன் சொல்வதில் எங்கள் யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் இளைத்தவரல்லர். பல்லி ஒரு திக்கிலிருந்து சொன்னால் ஒரு பலன், மற்றத் திக்கிலிருந்து சொன்னால் வேறொரு பலன். முற்றத்து வேலியில் இருந்து காகம் கரைந்தால் அன்றைக்கு விருந்தாளி வருவார். நடுச்சாமத்தில் ஆந்தை அலறினால் என் அம்மம்மா எழுந்து, திருநீற்றை நெற்றியிற் பூசிக்கொண்டுதான் மீண்டும் பாயிற் சாய்வார். காகத்துக்கும் விருந்துக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததன்று. குறுந்தொகையில் அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இத்தனையையும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்ட எங்கள் வீட்டில், ஒரேயொரு செய்தி மட்டும் எப்போதும் நகைப்புக்கு இடமாக இருந்தது. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்பதே அச்செய்தி.

என் அப்பு மலாயாவில் றெயில்வே உத்தியோகம் பார்த்து, பென்சனோடு ஊர் திரும்பியவர். ஆங்கிலப் புத்தகம் வாசிப்பவர். "மீனுக்குத் தொண்டையே இல்லை. தொண்டை இல்லாதது எப்பிடிப் பாடும்?" என்பார். அதோடு நிறுத்தினாலும் பரவாயில்லை. "ஆளைப் பாயோடை ஒட்டவைக்கிற ஊரிலை மீன் பாடாமல் விடுமே?" என்று சேர்த்துக்கொள்வார். மட்டக்களப்பார் மந்திரம் தெரிந்தவர்கள், போனவனைத் திரும்ப விடமாட்டார்கள் என்ற பழைய யாழ்ப்பாணத்துக் கேலி அது. எங்கள் வகுப்பிலே மட்டக்களப்பிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன் இருந்தான். "உங்கடை மீன் என்ன ராகத்திலை பாடும்?" என்று நாங்கள் அவனை நாளாந்தம் சீண்டுவோம். அவன் கோபிக்கமாட்டான். "நீ வந்து கேள்" என்று மட்டும் சொல்வான்.

அக்காலத்தில் மட்டக்களப்பிற் பணியாற்றிய யேசுசபைக் குருவானவரான அருட்தந்தை லாங் அவர்களின் முயற்சியால் வாவியின் ஒலி பதிவு செய்யப்பட்டு, இலங்கை வானொலியில் ஒலிபரப்பாகியது. எங்கள் வீட்டு றேடியோவைச் சுற்றி அயலவரும் கூடியிருந்தனர். ஏதோ ஒரு மெல்லிய முனகலும் பொரிபொரியென்ற சத்தமும் வந்தன. அப்பு எழுந்து திருகாணியை இரண்டு தரம் திருகிப் பார்த்துவிட்டு, "இது றேடியோவின்ரை இரைச்சல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கூட்டமும் கலைந்தது.

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது எங்கள் பழமொழி. நாங்கள் தீர விசாரித்தோமா? அன்றைக்கு மனத்தில் விழுந்த அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் எடுத்துவைக்கிறேன்.

இந்த நம்பிக்கையை முதன்முதலிற் சோதித்துப் பார்த்து விரிவாக எழுதியவர்களில் ஒருவர், இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக 1845 முதல் 1850 வரை பணிபுரிந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற். 1859இல் வெளியான இலங்கை பற்றிய அவருடைய பெருநூலிலும், 1861இல் வெளியான இயற்கை வரலாற்று நூலிலும் இச்செய்தி உள்ளது. மட்டக்களப்பில் வாவியின் அடியிலிருந்து இசையொலி எழுகிறது என்றும், அவ்விடத்துக்கே உரிய ஏதோ ஒரு மீன் அதை எழுப்புகிறது என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. காற்றுப்பட்டு ஒலிக்கும் யாழின் மெல்லிசை போன்றது என்று சிலர் வருணித்தார்கள்.

ரெனன்ற் அதை எள்ளி நகையாடவில்லை. உடனே நம்பிவிடவும் இல்லை. மீனவர் சிலரை அழைப்பித்து விசாரித்தார். தங்கள் தகப்பன்மார் காலந்தொட்டே இவ்வொலியைத் தாங்கள் அறிவோம் என்றும், கோடைகாலத்தில் மட்டுமே அது கேட்கும், மழை பெய்து வாவியில் வெள்ளம் வந்தால் நின்றுவிடும் என்றும் அவர்கள் சொன்னார்கள். ஒலிப்பது மீனன்று, ஒருவகைச் சிப்பி என்பதே அவர்களுடைய கருத்து. அவற்றைத் தேடிக் கொண்டுவரும்படி ரெனன்ற் அனுப்ப, அவர்களும் உயிரோடு சில ஊரிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இது 1848 செப்ரெம்பரில் அவர் மீண்டும் மட்டக்களப்புக்கு வந்தபோது நடந்தது. அன்று மாலை நிலவு எழுந்ததும் மீனவரோடு படகேறி, ஒல்லாந்தர் கோட்டை வாயிலுக்கு அருகேயுள்ள இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ இருநூறு யார் தூரம் சென்றார். காற்றில்லை; துடுப்பு எழுப்பிய அலையைத் தவிர வேறு அலையும் இல்லை. ஒலி தெளிவாகக் கேட்டது. நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போன்ற ஒலி என்று அதை அவர் விவரிக்கிறார். அது நீண்டு செல்லும் ஒரே சுரமாக இருக்கவில்லை. உச்சமும் மந்தமுமாய்ப் பல சிற்றொலிகள் கலந்திருந்தன. படகின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி பன்மடங்கு பெருகியது. படகு நகர நகரச் சில இடங்களில் ஒலி மறைந்தது. பழைய இடத்துக்குத் திரும்பியதும் மீண்டும் கேட்டது.

கரையிலுள்ள பூச்சிகளின் சத்தம் நீரின்மேல் தவழ்ந்து வருகிறதோ என்ற ஐயத்தையும் அவர் ஆராயாமல் விடவில்லை. கோட்டையும் கட்டடங்களும் கரையை மறைத்து நின்ற இடங்களிலேதான் ஒலி மிகத் தெளிவாக இருந்தது. ஆகவே அது வாவியின் ஆழத்திலிருந்தே வருகிறது என்று முடிவு செய்தார். இடத்துக்கு இடம் ஒலி நிலைத்து நிற்பதால், நீந்தித் திரியும் மீனிலும் அசையாதிருக்கும் ஊரியே அதற்குக் காரணமாகலாம் என்று மீனவர் பக்கம் சாய்ந்தார். எடின்பரோவில் கலாநிதி கிராண்ட் என்பவர் கண்ணாடிச் சாடியில் வைத்திருந்த ஓடில்லாக் கடல்நத்தை ஒன்று, உருக்குக் கம்பியாற் சாடியைத் தட்டினாற்போல ஒலியெழுப்பியதை அதற்குத் துணையாகவும் காட்டினார்.

இங்கே எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றும் ஒரு செய்தி உண்டு. அந்தச் சிப்பியின் தமிழ்ப் பெயர் என்று தாம் கேட்டதை ரெனன்ற் ஆங்கில எழுத்திலே எழுதிவைத்திருக்கிறார். அதை அப்படியே தமிழிற் பெயர்த்தால் 'ஊரி கூலீரூ கிராடு' என்பதுபோல வரும். 'அழுகின்ற சிப்பி' என்று அதற்குப் பொருளும் தந்திருக்கிறார். இப்படி ஒரு சிப்பிப் பெயர் உண்டா என்று நான் நெடுநாள் குழம்பியிருக்கிறேன். ஒருநாள் அதை வாய்விட்டு வாசித்தபோதுதான் விளங்கியது. 'ஊரி குளறுகிறது' என்று ஒரு மீனவர் சொல்லியிருக்கிறார்! குளறுதல் என்றால் ஈழத்துத் தமிழில் வாய்விட்டு அழுதல். செத்த வீட்டிலே பெண்கள் குளறினார்கள் என்று இன்றும் சொல்கிறோம். என்ன சத்தம் என்று துரை கேட்க, ஊரி குளறுகிறது என்று மீனவர் விடை சொல்ல, துரை அந்த முழு வாக்கியத்தையும் சிப்பியின் பெயராக எழுதிக்கொண்டார் என்றே நான் கருதுகிறேன்.

இது வெறும் சொல் வேடிக்கையன்று. ஏட்டில் ஏறிய கதையிலே அந்த ஒலி யாழிசையாகவும் பாட்டாகவும் இருக்கிறது. வாவியிலே இரவெல்லாம் கிடந்தவருக்கு அது குளறல். பாடுவது மீன் என்பது பொதுப்பேச்சு. குளறுவது ஊரி என்பது மீனவர் பேச்சு. ஆக, அப்பு நகைத்த அந்த நம்பிக்கையை மீனவர்கள் 1848இலேயே மறுத்துவிட்டிருக்கிறார்கள்.

நூறாண்டு கழித்து இவ்வொலி தமிழ் இலக்கியத்தில் ஏறியது. 1892இல் காரைதீவிலே பிறந்த மயில்வாகனன், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் ஆனவர். அவர் எங்களுக்கும் உரியவர். 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரான அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். இத்தகைய ஒருவர் தம் ஊர் வாவியின் ஒலியை அறியாமலிருப்பாரா? 1947இல், அவர் மறைவதற்குச் சில வாரங்கள் முன்பாகத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய 'யாழ் நூல்' என்னும் இசையாராய்ச்சி நூலிலே, வாவியின் இசையை நீரரமகளிர் பாடலாக வைத்துச் செய்யுள் செய்திருக்கிறார். நிலவொளியும் தோணியும் நீருக்கடியிலிருந்து எழும் இசையும் அதில் உள்ளன. மீனா ஊரியா என்ற வழக்கை அவர் எடுக்கவில்லை. யாழின் நரம்புகளைக் கணக்கிட்டு அளந்தவர், ஒலியை எழுப்புவது யார் என்ற இடத்திலே கவிஞராக நின்றுவிட்டார்.

சரி, விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

மீனுக்குத் தொண்டையில்லை என்று அப்பு சொன்னது உண்மை. ஆனால் ஒலி எழுப்பத் தொண்டை வேண்டியதில்லை. மீன்கள் சில ஒலியெழுப்பும் என்று கிரேக்கத்து அரிஸ்ரோட்டில் அன்றே எழுதிவைத்தார். பல மீன்களின் வயிற்றிலே காற்றுப்பை உண்டு. அதையொட்டிய தசைகள் விரைந்து சுருங்கி விரியும்போது பை முழவுபோல அதிர்கிறது. வேறு சில மீன்கள் எலும்போடு எலும்பை உரசியே ஒலியெழுப்பும். நாங்கள் சிறுவயதிற் பண்ணைக் கடலிலே தூண்டில் போட்டபோது, கொளுவுண்ட கெளுத்தி கிறீச்சிட்டதையும் கீளி முக்கியதையும் கேட்டிருக்கிறோம். கேட்டும் மீனுக்குக் குரலில்லை என்ற அப்புவின் பேச்சையே நம்பினோம்!

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. அப்பு உத்தியோகம் பார்த்த அதே மலாயாவின் கிழக்குக் கரையிலே, ஜூரு செலாம் எனப்படும் மீனவத் தலைவர்கள் படகிலிருந்து நீருக்குள் இறங்கித் தலையை அமிழ்த்தி, மீன் கூட்டத்தின் சத்தத்தைக் காதாற் கேட்டே வலைபோடும் இடத்தைக் குறித்தார்கள். றெயில்வே கந்தோரில் இருந்தவருக்கு அது தெரிய நியாயமில்லை.

கடல் ஊமை என்ற எண்ணம் படித்தவரிடமும் பரவியிருந்தது. ஆழ்கடலைப் படம்பிடித்த பிரெஞ்சுக்காரர் கூஸ்தோ, 1953இல் வந்த தம் நூலுக்கு மௌன உலகம் என்றே பெயர் வைத்தார். அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1942இல், எதிரியின் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க அமெரிக்கக் கடற்படை செசப்பீக் விரிகுடாவில் நீரடி ஒலிவாங்கிகளைப் பொருத்தியபோது, வீதியைத் துளைக்கும் யந்திரம்போலப் பேரிரைச்சல் வந்தது. அதை எழுப்பியவை எங்கள் கத்தாளையின் இனத்தைச் சேர்ந்த மீன்கள். 1980களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே சோசலிற்றோ என்ற இடத்திலே, படகு வீடுகளில் வசித்தவர்கள் இரவில் உறக்கம் கெடுக்கும் ரீங்காரத்துக்குக் கழிவுநீர்ப் பம்பியையும் இராணுவத்தையும் குற்றம் சாட்டினார்கள். விசாரித்தபோது, பெடையை அழைக்கும் ஒருவகை ஆண் மீன்களே குற்றவாளிகள் என்று தெரியவந்தது.

மீனவர் சொன்ன மற்றக் குறிப்புகளும் இதனோடு பொருந்துகின்றன. மாரி மழையில் ஆற்று வெள்ளம் வாவியில் நிறைந்தால் உப்புத்தன்மை குறையும். கடல்வாழ் உயிர்கள் விலகிவிடும். நீரோட்டத்தின் இரைச்சலும் கூடும். கோடையில் மட்டும் ஒலி கேட்பதற்கு வேறு மந்திரம் வேண்டியதில்லை. நிலவுக்கும் சினைக்காலத்துக்கும் தொடர்புடைய மீன்கள் உண்டு. அத்தோடு, காற்றடங்கிய நிலவு இரவிலேதான் மனிதரும் படகேறிக் காதுகொடுப்பர். நீரிலே ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் செல்லும். காற்றிலே செல்வதைப்போல நான்கு மடங்குக்கு மேல். ஆயினும் நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது அதன் வலுவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. எஞ்சியது நீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. ரெனன்ற் படகின் மரத்திலே காதை வைத்ததும், வாவி மீனவர் துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடிப்பதும் இதனாலேதான். ஒலி மரத்தின் வழியே நேராகக் காதுக்கு வருகிறது.

அப்படியானால் ஊரி? சிப்பி, ஊரி முதலியவற்றுக்குக் குரலெழுப்பும் உறுப்பு இல்லை. ஓடு கல்லிலே தட்டிச் சிற்றொலி எழலாம், ரீங்காரம் எழாது. ஆனால் ஒலியோடு கலந்து வரும் பொரிபொரிப்புக்கு வேறொரு விளக்கம் உண்டு. உலகின் வெப்பக் கடல்களிலும் கழிமுகங்களிலும் வாழும் ஒருவகை இறால், தன் பெரிய கொடுக்கைச் சடுதியாக மூடும்போது நீரிலே ஒரு குமிழி உண்டாகிறது. அக்குமிழி வெடிப்பதே அச்சத்தம் என்று 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். அடித்தளத்திலே, நின்ற இடத்திலேயே, கல்லோடும் ஓட்டோடும் சேர்ந்து கேட்கும் சத்தத்தை ஊரியின்மேல் ஏற்றிச் சொன்ன மீனவரைக் குறைசொல்ல முடியாது. இடம் சரி, காலம் சரி, ஆள் மட்டும் மாறிவிட்டது.

போர் நடந்த காலத்தில் இரவிலே வாவியிற் படகோட்டுவது உயிர்ப்பயம் மிகுந்த காரியம். எங்கள் குடாநாட்டுக் கடலும் அப்படியே இருந்தது. கேட்கப் போகவும் வழியில்லை. கேட்டவர் சொல்ல வரவும் வழியில்லை. போர் ஓய்ந்த பின், 2011 ஆடி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி நான் மட்டக்களப்புக்குப் போனேன். கல்லடிப் பழைய பாலத்துக்கு அருகே தோணிக்காரர் ஒருவர் என்னை ஏற்றிச்சென்றார். "கதைச்சா ஒண்டும் கேக்காது ஐயா, காதக் குடுங்க" என்று துடுப்பை நீட்டினார்.

முதலிலே சூடான எண்ணெயிற் கடுகு வெடிப்பதுபோன்ற சத்தம். அது விடாமற் கேட்டது. சற்றுப் பொறுத்து, அதற்குக் கீழே, இடைவிட்டு இடைவிட்டு ஒரு முனகல். எங்கோ மோட்டர் படகொன்று போனது, எல்லாம் அமுங்கிப்போயிற்று. அது தொலைந்து நீர் அடங்கியதும் முனகல் திரும்பியது. பாட்டு என்று சொல்ல என் காது துணியவில்லை. யாழ் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அன்று எங்கள் றேடியோவில் வந்தது இதே சத்தந்தான். அது றேடியோவின் இரைச்சல் அன்று.

2013இல் அங்கே புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014இல் பிபிசி வானொலியினரும் வாவிக்கு வந்து ஒலியைப் பதிந்து சென்றனர். யந்திரப் படகும் கழிவு நீரும் பெருகும் இடத்திலே மீன் தன் குரலை எவ்வளவு காலம் கேட்கச்செய்யும் என்பது கவலைக்குரிய கேள்வி. பெடையை அழைக்கும் குரல் அதற்குக் கேளாவிட்டால், அந்த மீனுக்குச் சந்ததி இல்லை.

ஊருக்குத் திரும்பிய பின், அந்த விடுதி நண்பனைத் தேடிப் பிடித்தேன். இப்போது கனடாவில் இருக்கிறார். தொலைபேசியிலே, "உங்கடை மீன் பாடுறதை நான் கேட்டிட்டன்" என்றேன். மறுமுனையிலே கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தார். "மீன் பாடுது எண்டு நான் எப்ப சொன்ன நான்? எங்கட அப்பா ஊரி எண்டுதான் சொல்லுவாரு. நீங்க ஒருத்தரும் கேக்கல்லையே" என்றார்.

உண்மைதான். மீன் என்ன ராகத்திற் பாடும் என்று கேட்டோமே தவிர, உங்கள் ஊரிலே அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. 1848இல் வந்த வெள்ளைக்காரத் துரை கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்க, ஒரே மொழி பேசும் எங்களுக்குத் தோன்றவில்லை. பாயோடு ஒட்டவைக்கும் கதையைச் சொல்லிச் சிரித்ததிலே எங்கள் காதும் அடைத்துப்போயிருந்தது.

அன்பர்களே, உங்கள் ஊரிலும் இப்படிப் பல நம்பிக்கைகள் இருக்கும். தவளை கத்தினால் மழை என்பர். நாய் ஊளையிட்டால் சாவு என்பர். அவற்றை நம்பும்படியோ தள்ளும்படியோ நான் சொல்லவில்லை. சோதித்துப் பாருங்கள். சோதிக்கப் புறப்படும்போது, அந்த ஒலியோடு வாழ்ந்தவரிடம், அது அவர் வாயில் என்ன சொல்லாக இருக்கிறது என்பதை முதலிற் கேட்டு எழுதிவையுங்கள். ரெனன்ற் பிழையாகப் பிரித்து எழுதிய ஒரு வாக்கியந்தான், பெயர் தெரியாத ஒரு மட்டக்களப்பு மீனவரின் சொல்லை இத்தனை ஆண்டு கழித்து எனக்குக் கொண்டுவந்து தந்தது.